புதுசு மாதிரி இருக்கிற கார் திடீரென்று பழுதானால்: பில் கட்ட முதல் தெரிந்துகொள்ள வேண்டியவை



இந்த நாட்டுக்கு வந்து கொஞ்சம் காலூன்றியதும் எங்கட ஆக்களில் பலர் வாங்குகிற முதல் பெரிய பொருள் கார்தான். விடிய நாலு மணி வேலைக்குப் போக பஸ் இருக்காது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவேணும். சாமான் வாங்கிக்கொண்டு மழைக்குள் நடக்க ஏலாது. ஆகவே சீட்டுக் காசு, சேமிப்பு, சொந்தக்காரரிடம் வாங்கின கைமாற்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரு காரை எடுக்கிறோம். அது இரண்டு மாதத்தில் நின்றுவிட்டால் என்ன செய்வது?

தம்பி ஒருவரின் கதையைக் கேளுங்கள். பெயர் வேண்டாம். அவர் ஒரு கார் விற்பனை நிலையத்தில் 8,200 பவுண்ஸ் கொடுத்து கார் வாங்கினார். வயது இரண்டு வருடமும் எட்டு மாதமும். ஓடினது 26,000 மைல். ஏழாவது கிழமை கியர் மாறும்போது கார் உதறத் தொடங்கியது, மஞ்சள் லைட்டும் எரிந்தது. தெரிந்த கராஜுக்குக் கொண்டுபோனார். "கியர்பொக்ஸில பிழை தம்பி, 1,650 பவுண்ஸ் முடியும்" என்றார்கள். வேலைக்குப் போகவேணும் என்ற அவசரத்தில் நண்பரிடம் கடன் வாங்கிக் கட்டினார்.

பிறகுதான் ஒருவர் கேட்டார்: "அந்தக் காருக்கு கொம்பனி வொரண்டி இன்னும் முடியேல்லையே, ஏன் காசு கட்டினனீர்?"

வொரண்டி முதல் வாங்கின ஆளுக்கு மட்டும்தான் என்று தம்பி நினைத்திருந்தார். பில்லை எடுத்துக்கொண்டு விற்றவரிடம் போனார். "நீர் எங்களுக்குக் காட்டேல்லை, வேற ஆளிட்டக் குடுத்துத் திறந்திட்டீர். என்ன பிழை இருந்தது எண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று பதில் வந்தது. கழற்றிய பாகங்களையும் கராஜ் எறிந்துவிட்டது. அவருடைய உரிமை முழுதாக அழிந்துபோகவில்லை. ஆனால் நிரூபிப்பது மிகவும் கடினமாகிவிட்டது.

அவர் செய்த பிழை ஒன்றுதான். யாரிடம் முதலில் போவது என்று தெரியாமல் காசைக் கட்டிவிட்டார். அது உங்களுக்கு நடக்கக்கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை. பிரித்தானியச் சட்டத்தை வைத்து எழுதியிருக்கிறோம். நீதிமன்ற விபரங்கள் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியவை.

1. லைட் எரிந்தால் முதலில் செய்ய வேண்டியது

சிவப்பு லைட் என்றால் ஆபத்து. பாதுகாப்பான இடத்தில் நிற்பாட்டுங்கள். எண்ணெய்ச் சின்னமோ வெப்பச் சின்னமோ சிவப்பாக எரிந்தால் எஞ்சினை உடனே நிறுத்துங்கள். "வீடு மட்டும் போய்ச் சேருவம்" என்று ஓடினால் சின்னப் பழுது எஞ்சினையே தின்றுவிடும். அதற்குப் பிறகு விற்றவரும் வொரண்டிக்காரரும் "நீங்கள் தொடர்ந்து ஓடினதால்தான் பழுதானது" என்று சொல்ல இடம் கிடைக்கும்.

மஞ்சள் லைட் என்றால் கெதியாகக் காட்டவேணும் என்று அர்த்தம். எஞ்சின் சின்னம் விட்டுவிட்டு மின்னினால் வேகத்தைக் குறைத்து, கூடிய சீக்கிரம் நிற்பாட்டுங்கள்.

அந்த இடத்திலேயே லைட்டைப் போனில் படம் எடுங்கள். மைல் கணக்கு தெரியும்படி இன்னொரு படம். திகதி, நேரம், என்ன சத்தம் கேட்டது, எந்த வேகத்தில் நடந்தது என்று ஒரு துண்டில் எழுதி வையுங்கள். பிறகு இவைதான் உங்கள் சாட்சி.

2. காசு கட்ட முதல் ஐந்து கேள்விகள்

அ. காரை யாரிடம் வாங்கினீர்கள்? வியாபாரியிடமா, தனி ஆளிடமா?
ஆ. வாங்கி எத்தனை நாள்?
இ. எப்படிக் காசு கட்டினீர்கள்? காசாகவா, காட்டிலா, பைனான்ஸிலா?
ஈ. வாங்கின பத்திரம் யாருடைய பெயரில் இருக்கிறது?
உ. கொம்பனி வொரண்டி இன்னும் இருக்கிறதா?

இந்த ஐந்துக்கும் பதில் தெரிந்தால் யாரிடம் போகவேணும் என்பது தானாகவே தெரிந்துவிடும். இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

3. வியாபாரியிடம் வாங்கியிருந்தால்

2015 ஒக்ரோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் உரிமைச் சட்டம் உங்களைப் பாதுகாக்கிறது. வியாபாரி விற்கும் கார் திருப்தியான தரத்தில் இருக்கவேணும். என்ன தேவைக்கு வாங்கினீர்களோ அதற்கு உதவவேணும். சொன்னபடி இருக்கவேணும். பழைய காருக்கும் இது பொருந்தும். ஆனால் வயது, ஓடிய மைல், கொடுத்த விலை எல்லாவற்றையும் பார்த்துத்தான் தரத்தைத் தீர்மானிப்பார்கள். பதினைந்து வருடக் காருக்கு எதிர்பார்க்க ஏலாததை மூன்று வருடம் நிரம்பாத காருக்கு எதிர்பார்க்கலாம்.

முதல் 30 நாள்: பெரிய பழுது இருந்தால் காரைத் திருப்பிக் கொடுத்து முழுக் காசையும் கேட்கலாம். வாங்கும்போதே பழுது இருந்தது என்று நீங்கள்தான் காட்டவேணும். 30 நாள் மிகக் கெதியாக ஓடிவிடும். "திருத்தித் தாறம், பொறுங்கோ" என்றால் சம்மதிக்கலாம். திருத்தக் கொடுத்திருக்கும் நாட்கள் அந்த 30இல் சேராது. ஆனால் எந்தத் திகதியில் கொடுத்தீர்கள், எந்தத் திகதியில் திரும்ப எடுத்தீர்கள் என்பது எழுத்தில் இருக்கவேணும்.

30 நாளுக்குப் பிறகு, ஆறு மாதத்துக்குள்: இப்போது விற்றவருக்குத் திருத்த ஒரு சந்தர்ப்பம் கொடுக்கவேணும். செலவு அவருடையது. நியாயமான காலத்துக்குள், உங்களுக்குப் பெரிய கரைச்சல் இல்லாமல் செய்யவேணும். இந்தக் காலத்தில் வெளிவரும் பழுது வாங்கும்போதே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவரின் பொறுப்பு. ஒருமுறை திருத்தியும் சரிவராவிட்டால் காரைத் திருப்பிக் கொடுக்கலாம், அல்லது காரை வைத்துக்கொண்டு விலையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்கலாம். திருப்பிக் கொடுத்தால், நீங்கள் ஓடிய அளவுக்குக் கொஞ்சம் காசைக் கழிக்க அவருக்கு உரிமை உண்டு.

எங்கள் தம்பி ஏழாவது கிழமையில் இருந்தார். அதாவது சட்டம் அவர் பக்கம் பலமாக நின்ற காலம் அது. விற்றவரிடம் முதலில் போயிருந்தால் 1,650 பவுண்ஸ் கடன் வந்திராது.

ஆறு மாதத்துக்குப் பிறகு: உரிமை முடிந்துவிடாது. ஆனால் பழுது முன்பே இருந்தது என்று நீங்கள் நிரூபிக்கவேணும். அதற்கு இரு தரப்பையும் சேராத பொறியியலாளர் ஒருவரின் எழுத்து அறிக்கை தேவைப்படும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழக்குப் போட ஆறு வருடம் வரை இடமுண்டு.

"பார்த்தபடி விற்றது, திருப்பி எடுக்கமாட்டோம்" என்று பில்லில் எழுதியிருந்தால் பயப்படவேண்டாம். வியாபாரி இந்த உரிமைகளை ஒரு வசனத்தால் பறிக்க முடியாது. "மூன்று மாத வொரண்டி முடிந்தது, இனி எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்பதும் சரியல்ல. வொரண்டி வேறு, சட்ட உரிமை வேறு.

இரண்டு விசயங்களைக் கவனியுங்கள். வாங்கும்போதே உங்களுக்குச் சொல்லிக் காட்டிய குறைக்குப் பிறகு முறையிட ஏலாது. பிரேக் பாட், ரயர், வைப்பர் போலத் தேய்கிற சாமான்கள் நியாயமான பாவனையில் தேய்ந்தால் அதுவும் பழுதாகாது. கிளச்சுக்கும் பெரும்பாலும் இதே கதைதான். ஆனால் வாங்கி இரண்டு கிழமையில் கிளச் எரிந்தால் கட்டாயம் கேளுங்கள்.

காரைப் பார்க்காமல் இணையத்திலோ தொலைபேசியிலோ வியாபாரியிடம் வாங்கி வீட்டுக்கு எடுப்பித்திருந்தால், கிடைத்த நாளிலிருந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம்.

4. தனி ஆளிடமோ ஏலத்திலோ வாங்கியிருந்தால்

இங்கே பாதுகாப்பு மிகக் குறைவு. கார் அவருக்குச் சொந்தமானதாக இருக்கவேணும், அவர் சொன்ன விபரம் உண்மையாக இருக்கவேணும். அவ்வளவுதான். "பழுதிருக்கா?" என்று நீங்கள் கேட்காமல் விட்டால், அவர் சொல்லாமல் விட்டதற்காக மட்டும் பிடிக்க முடியாது. ஆகவே விளம்பரத்தையும் வந்த செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். "ஒரு பிழையும் இல்லை, சேர்விஸ் எல்லாம் செய்திருக்கு" என்று எழுதியிருந்தது பொய்யானால் அதுதான் உங்கள் பிடி.

சில வியாபாரிகள் தனி ஆள் மாதிரி நடிப்பார்கள். ஒரே தொலைபேசி இலக்கத்தில் நாலைந்து கார் விளம்பரம் இருந்தால் சந்தேகப்படுங்கள். அப்படி நடிப்பது குற்றம். பொது ஏலத்துக்கு நேரே போய் எடுத்த பழைய காருக்கும் மேலே சொன்ன உரிமைகள் பெரும்பாலும் கிடையாது.

5. கொம்பனி வொரண்டி: முதலில் பார்க்க வேண்டிய கடதாசி

அநேக கொம்பனிகள் மூன்று வருட வொரண்டி கொடுக்கின்றன. சிலவற்றில் 60,000 மைல் என்ற எல்லையும் உண்டு, எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. கியா ஏழு வருடம் அல்லது 100,000 மைல் கொடுக்கிறது. ஹையுண்டாய் ஐந்து வருடம் கொடுக்கிறது.

நினைவில் வையுங்கள்: பொதுவாக வொரண்டி ஆளோடு போவதில்லை, காரோடு போகும். முதல் பதிவுத் திகதியிலிருந்து எண்ணுவார்கள். லொக்புக்கில் அந்தத் திகதி இருக்கும். அந்தக் கொம்பனியின் எந்த முகவரிடமும் கார் இலக்கத்தைச் சொல்லிக் கேட்டால் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்வார்கள்.

"வெளியில சேர்விஸ் செய்தால் வொரண்டி போயிடும்" என்று பலர் சொல்வார்கள். அது பொதுவாகச் சரியல்ல. கொம்பனி சொன்ன கால அட்டவணைப்படி, சரியான தரமுள்ள பாகங்களும் எண்ணெயும் போட்டு, பில் வைத்திருந்தால் வெளிக் கராஜிலும் சேர்விஸ் செய்யலாம். 2023 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கும் பிரித்தானிய வாகனத்துறை விதிகளும் இந்தச் சுதந்திரத்தைக் காக்கின்றன. ஆனால் சேர்விஸே செய்யாமல் விட்டால், அல்லது பில் இல்லாமல் தெரிந்தவரிடம் எண்ணெய் மாற்றினால், வொரண்டிக்காரர் மறுக்கலாம். மலிவு பார்த்துப் பில் வாங்காமல் விட்ட எண்ணெய் மாற்றம் பிறகு ஆயிரம் பவுண்ஸுக்கு வந்து நிற்கும்.

வொரண்டி முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் பெரிய பழுது வந்தாலும் கேளுங்கள். சேர்விஸ் ஒழுங்காக இருந்தால் சில கொம்பனிகள் நல்லெண்ணமாகச் செலவில் ஒரு பகுதியை ஏற்கும். இது உரிமை இல்லை. கேட்காதவருக்குக் கிடைப்பதும் இல்லை.

அத்துடன் கொம்பனியே காரைத் திருப்பி அழைத்திருக்கிறதா என்று அரசாங்க இணையத்தளத்தில் கார் இலக்கத்தைப் போட்டுப் பாருங்கள். பாதுகாப்புக் குறைக்காகத் திருப்பி அழைத்த வேலையை, வொரண்டி முடிந்திருந்தாலும், இலவசமாகச் செய்துகொடுப்பார்கள்.

கார் இன்சூரன்ஸ் என்பது விபத்து, களவு, தீ போன்றவற்றுக்குத்தான். இயந்திரப் பழுதுக்கு அதில் காசு கிடைக்காது.

6. பைனான்ஸிலோ கிரெடிட் காட்டிலோ வாங்கியிருந்தால்

மாதாமாதம் கட்டும் தவணைக் கொள்வனவு ஒப்பந்தத்தில் கார் சட்டப்படி பைனான்ஸ் கொம்பனிக்குச் சொந்தம். உங்களுக்குக் காரைத் தந்ததும் அவர்கள்தான். ஆகவே கார் கடைக்காரர் தட்டிக்கழித்தால் பைனான்ஸ் கொம்பனிக்கு எழுத்தில் முறையிடுங்கள். கோபத்தில் தவணையை மட்டும் நிறுத்தவேண்டாம். நிறுத்தினால் கடன் பதிவு கெட்டு, பிறகு வீடு வாடகைக்கு எடுப்பதும் கஷ்டமாகும். அவர்கள் காரையும் பறிக்கலாம்.

காரின் விலை 100 பவுண்ஸுக்கு மேல், 30,000 பவுண்ஸுக்கு மேற்படாமல் இருந்து, முற்பணத்தையாவது கிரெடிட் காட்டில் கட்டியிருந்தால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி காட் கொம்பனியும் விற்றவரோடு சேர்ந்து பொறுப்பு. டெபிட் காட்டில் கட்டியிருந்தால் காசைத் திருப்பி எடுக்கும் முறை உண்டா என்று உங்கள் வங்கியிடம் கேளுங்கள். முழுக்கக் காசாகக் கொடுத்தவருக்கு இந்த வழி இல்லை. ஆகவே றிசீற் இல்லாமல் ஒரு சதமும் கையில் கொடுக்கவேண்டாம்.

7. மாமாவின் பெயரில் எடுத்த கார்

இது எங்கட சமூகத்தில் அடிக்கடி வரும் பிரச்சினை. புதிதாக வந்தவருக்குக் கடன் பதிவு இல்லை, பைனான்ஸ் கிடைக்காது. "என்ர பேரில எடுக்கிறன், நீ மாதம் மாதம் கட்டு" என்று மாமாவோ மச்சானோ உதவுகிறார். கார் பழுதானால் கடைக்காரர் உங்களோடு கதைக்கவே மாட்டார். ஒப்பந்தம் உங்களோடு இல்லை. கையெழுத்து வைத்தவர்தான் முறையிடவேணும். அவருக்கு நேரமில்லை என்றால் உங்கள் 30 நாள் போய்விடும், ஆறு மாதமும் போய்விடும். இடையில் உறவும் முறியும்.

அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. காரை உண்மையில் யார் பாவிக்கப்போகிறார் என்பதை மறைத்துப் பைனான்ஸ் எடுப்பதும், முக்கியமாக ஓடுவது நீங்களாக இருக்க இன்னொருவரை முதன்மை ஓட்டுநராகக் காட்டி இன்சூரன்ஸ் எடுப்பதும் மோசடியாகக் கணிக்கப்படும். பொலிஸ் பிரச்சினை ஒன்று உங்களுக்கு இப்போது வேண்டவே வேண்டாம். விலை குறைந்த காரானாலும் உங்கள் பெயரில், உங்கள் காசில் எடுப்பதுதான் நிம்மதி.

லொக்புக்கில் பெயர் இருப்பதால் மட்டும் கார் உங்களுக்குச் சொந்தம் என்றாகாது. அது காரைப் பொறுப்பாக வைத்திருப்பவரின் பதிவு. வாங்கியதற்கான பில்தான் முக்கியம்.

8. கராஜில் எப்படிக் கதைப்பது

வொரண்டியும் இல்லை, விற்றவரும் பொறுப்பில்லை, நீங்களேதான் திருத்தவேணும் என்றால் இப்படிச் செய்யுங்கள்.

* கம்பியூட்டரில் போட்டுப் பார்த்து வரும் குறியீடு, எந்தப் பகுதியில் கோளாறு என்று மட்டும்தான் காட்டும். எந்தப் பாகத்தை மாற்றவேணும் என்று அது சொல்லாது. "குறியீடு வந்தது, மாற்றினோம்" என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பாகம் மாற்றினால் காசு உங்களுடையது. "எப்படிச் சோதித்து உறுதிப்படுத்தினீர்கள்?" என்று கேளுங்கள்.
* சோதனைக்கு மட்டும் எவ்வளவு என்று முதலே கேளுங்கள்.
* விலையை எழுத்தில் வாங்குங்கள். மதிப்பீடு என்றால் கூடிக் குறையலாம். நிலையான விலை என்றால் அதுதான் முடிவு. எது என்று தெளிவாகக் கேளுங்கள்.
* "என்னைக் கேட்காமல் மேலதிக வேலை செய்யவேண்டாம்" என்று எழுதிக் கொடுங்கள்.
* இரண்டாவது கராஜிலும் விலை கேளுங்கள்.
* கழற்றின பழைய பாகத்தைத் தரச் சொல்லி முதலே சொல்லிவையுங்கள்.
* பில்லோடு சண்டை வந்தால், காசு கட்டும்வரை காரை வைத்திருக்க கராஜுக்கு உரிமை இருக்கலாம். கார் அவசரமென்றால், "எதிர்ப்புடன் கட்டுகிறேன்" என்று பில்லில் ஆங்கிலத்தில் எழுதிக் கட்டிவிட்டுப் பிறகு முறையிடலாம்.

டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி, நாளாந்தம் ஒன்றிரண்டு மைல் மட்டும் ஓடினால் அடைத்துவிடும். மாற்றினால் ஆயிரம் பவுண்ஸுக்கு மேலும் போகலாம். பாவனை முறையால் அடைத்தது என்று வொரண்டிக்காரர் மறுக்கலாம். இடைக்கிடை பெருந்தெருவில் ஒரு இருபது நிமிடம் ஓடவிடுங்கள். கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் என்றால் பெற்றோல் கார் நல்லது.

9. கடிதத்தில் என்ன இருக்கவேணும்

தொலைபேசியில் கதைத்ததை யாரும் நிரூபிக்க ஏலாது. மின்னஞ்சல் அல்லது கடிதம் அனுப்புங்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் எழுதுவியுங்கள். நீளம் வேண்டாம். இவை போதும்: கார் இலக்கம், வாங்கிய திகதி, விலை, பழுது எப்போது, எத்தனையாவது மைலில் வந்தது, படங்கள், கராஜ் அறிக்கையின் பிரதி, 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி நீங்கள் கேட்பது காசா, திருத்தமா, பதில் தர 14 நாள் தவணை. கோபமான வார்த்தை ஒன்றும் வேண்டாம். அசல் கடதாசிகளைக் கொடுக்கவேண்டாம், பிரதி மட்டும்.

10. மறுத்தால் எங்கே போவது

* சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் உதவி இலக்கம் 0808 223 1133. அழைப்பு இலவசம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.
* விற்றவரோ கராஜோ மோட்டார் ஒம்புட்ஸ்மன் அமைப்பில் சேர்ந்திருந்தால் அங்கே இலவசமாக முறையிடலாம்.
* பைனான்ஸ் அல்லது கிரெடிட் காட் கொம்பனி எட்டுக் கிழமைக்குள் தீர்க்காவிட்டால், அல்லது மறுத்தால், நிதி ஒம்புட்ஸ்மன் சேவைக்கு இலவசமாகப் போகலாம். இறுதிப் பதில் வந்தால் ஆறு மாதத்துக்குள் போகவேணும்.
* கடைசி வழி சிறு வழக்கு நீதிமன்றம். 10,000 பவுண்ஸ் வரையான பிணக்குகளுக்குச் சட்டத்தரணி இல்லாமலே போகலாம். வருமானம் குறைந்தவர்கள் கட்டணத்தில் சலுகை கேட்கலாம்.

11. "முறைப்பாடு செய்தால் கேஸுக்குப் பிரச்சினை வருமா?"

பலர் இந்தப் பயத்தில்தான் வாய்மூடி இருக்கிறார்கள். நுகர்வோர் சட்டம் உங்கள் விசா நிலையைக் கேட்பதில்லை. சொந்தத் தேவைக்குப் பொருள் வாங்கிய எவரும் நுகர்வோர்தான். கடைக்காரரிடம் நியாயம் கேட்பது அகதி விண்ணப்பத்தைத் தீர்மானிக்கும் விசயம் அல்ல. "ஹோம் ஒபிஸுக்கு அறிவிப்பன்" என்று யாராவது மிரட்டினால் அதையும் எழுதி வைத்து, உங்கள் ஆலோசகரிடம் சொல்லுங்கள்.

ஆனால் இதை மறைக்காமல் சொல்லவேணும். நீங்கள் இன்னும் அரசாங்கத்தின் புகலிட உதவிப் பணத்திலோ தங்குமிடத்திலோ இருந்தால், கார் ஒரு சொத்து. 2000ஆம் ஆண்டு புகலிட உதவி விதிகள் காரையும் வாகனங்களையும் சொத்துக் கணக்கில் சேர்க்கின்றன. உதவி கேட்கும்போதும், பிறகு நிலைமை மாறினாலும் அறிவிக்கவேணும். மறைத்தால் உதவி நிற்கலாம். வாங்க முதல் உங்கள் சட்டத்தரணியையோ ஆலோசகரையோ கேளுங்கள். லைசென்ஸ், இன்சூரன்ஸ் இல்லாமல் ஒரு தெருக்கூட ஓடவேண்டாம்.

12. கையில் காசே இல்லை என்றால்

வட்டிக்கு விடும் ஆட்களிடமும், காரை ஈடுவைத்துக் கொடுக்கும் கடன்களிடமும் போகவேண்டாம். 1,000 பவுண்ஸ் திருத்தம் 3,000 கடனாகிவிடும். கராஜிடம் தவணையில் கட்டலாமா என்று கேளுங்கள். உங்கள் பகுதியில் கடன் கூட்டுறவுச் சங்கம் இருந்தால் விசாரியுங்கள். ஏற்கனவே கடனில் இருந்தால் ஸ்டெப்சேஞ் போன்ற இலவசக் கடன் ஆலோசனை நிறுவனத்துடன் கதையுங்கள். சில நேரம் திருத்தாமல் பழுதோடு உள்ளபடி சொல்லி விற்றுவிட்டு, கொஞ்ச நாள் பஸ்ஸில் போவதுதான் புத்தி. அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

கடைசியாக

எங்கள் தம்பி இப்போதும் மாதம் 100 பவுண்ஸாக நண்பரின் கடனைக் கட்டிக்கொண்டிருக்கிறார். ஆனால் அவர் காரின் பெட்டிக்குள் இப்போது ஒரு பிளாஸ்ரிக் உறை இருக்கிறது. வாங்கின பில், சேர்விஸ் பில்கள், வொரண்டிப் புத்தகம், லைட் எரிந்தபோது எடுத்த படத்தின் பிரதி எல்லாம் அதற்குள். புதிதாகக் கார் எடுக்கும் நண்பர்களிடம் அவர் சொல்வது இதுதான்: "கராஜுக்குப் போக முதல், வித்தவனுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கோ. அதுக்குக் காசு இல்லை."

உங்களுக்கும் இப்படி ஒரு பில் வந்திருந்தால், கட்ட முதல் அதை எடுத்துக்கொண்டு எங்கள் ஆலோசனை நேரத்துக்கு வாருங்கள். வாங்கின பத்திரத்தையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.